அரைச் சாண் பெரிய சக்கரம்

போன மாதம் நான் ஓர் அசிங்கமான காரியம் செய்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு கேட்காது.

சேந்தமங்கலத்தில் நான் இருபத்தேழு வருடம் வேலை பார்த்த பட்டறையில் புது மெஷின் வாங்கியிருக்கிறார்கள். டயரைத் தூக்கி மாட்டினால் போதும், அதுவே சுற்றிப் பார்த்துச் சுற்றளவு இவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். திறப்பு நாளன்று ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முதல் டயரை மாட்டினார்கள். இப்போது டயர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மகேஸ்வரி, திரையில் வந்த எண்ணைச் சாக்பீஸால் டயர்மேல் எழுதினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் என்ன செய்தேன்? பைக்குள் கையை விட்டு டேப்பை எடுத்தேன். அந்த டயரைச் சுற்றி அளந்தேன். மெஷின் சொன்ன அதே எண்தான் வந்தது. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். முந்தானையால் மகேஸ்வரி எழுதியதை அழித்துவிட்டு, அதே எண்ணை என் கையால் எழுதினேன்.

பட்டறையே கொல்லென்று சிரித்தது. மகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

“ஏனுங்கக்கா, அதே நம்பர்தானுங்களே?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் இதே கேள்வியைப் பதினைந்து வருடம் வாய்க்குள்ளேயே வைத்து மென்றுகொண்டிருந்தவள் நான். அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என் பெயர் பூவாயி. பிறந்தது கொல்லிமலையில், பைல் நாட்டில். கட்டிக்கொடுத்தது கீழே. பட்டறையில் சேர்ந்தபோது என் கையில் கொடுத்தது விளக்குமாறு. பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற மேல்கட்டை, தேய்ந்த லாரி டயரைச் சுரண்டிப் புது ரப்பர் ஒட்டுகிற இடம் அது. ஒரு நாளைக்கு ஒரு மூட்டை ரப்பர் தூள் விழும். இரண்டு வருடம் அதைக் கூட்டினேன். வீட்டில் நான் தும்மினால்கூடக் கறுப்பாகத்தான் வரும். பிறகு ஒரு நாள், டயர் அளக்கிறவர் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட, “நீ எட்டாவது படிச்சிருக்கியாமே, வா” என்று மேஸ்திரி கூப்பிட்டார். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

அளப்பது என்றால் ஏதோ சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். லாரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் ஒட்டிக்கொண்டு ஓடும். அந்த இரண்டும் ஒரே சுற்றளவாக இருக்க வேண்டும். ஒன்று கால் அங்குலம் பெரிதாக இருந்தால் பாரம் முழுக்க அதன் தலையில் விழும். அது சூடாகிச் சூடாகி ஒரு நாள் வெடிக்கும். ஆகவே இரண்டு டயரிலும் ஒரே அளவு காற்று வைத்து, கல் மண்ணைத் துடைத்து, நடுப்பட்டன் மேல் நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அந்த நூலை அளவுப் பலகைமேல் நீட்டிப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். டேப் கிடையாதா என்பீர்கள். இருந்தது, ஒரே ஒரு டேப். அது மேஸ்திரியின் சட்டைப் பையில் இருந்தது.

மேஸ்திரி பெயர் பெரியண்ணன். பட்டறையில் டயருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் அவர்தான் எல்லாம். வண்டியின் கீழே அடுக்கடுக்காக வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்குமே, அதில் எது தளர்ந்திருக்கிறது என்று கைவிரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். காக்கிச் சட்டையைத் தினமும் தேய்த்துப் போட்டு வருவார். சாயங்காலம் எங்கள் எல்லாரையும் ரப்பர் கரி மூடியிருக்க, அவர் மட்டும் ஆபீசுக்குப் போய் வந்தவர் மாதிரி நிற்பார்.

அவரிடம் ஒரு விசித்திரம். நல்ல மனநிலையில் இருந்தால் “ஏம்புள்ள, இங்க வா” என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். “வாங்க” என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. “வாங்கம்மணி” என்றால் பெரிய தப்பு. “ஏனுங்கம்மணி, கொஞ்சம் சிரமம் பாக்காம இப்படி வாரீங்களா?” என்று கேட்டுவிட்டாரென்றால், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. ஒரு தடவை புதிதாக வந்த பையன் ஒருவன், “மேஸ்திரி எவ்வளவு மரியாதையாப் பேசறாரு!” என்று பூரித்துப் போனான். அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

நான் அளக்க ஆரம்பித்த இரண்டாம் மாதமே மாட்டிக்கொண்டேன். வெயிலில் கிடந்த டயரையும் நிழலில் கிடந்த டயரையும் அளந்து, இரண்டும் ஒன்றுதான் என்று ஜோடி சேர்த்துவிட்டேன். வெயிலில் உள்ள டயருக்குள் காற்று விரியும், அளவு கூடும். அது எனக்கு யார் சொன்னார்கள்? செம்மேட்டுக்கு உர மூட்டை ஏற்றிப்போன லாரி, பாதி மலையில் புகை கக்கிக்கொண்டு நின்றது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, “ஏனுங்கம்மணி, வெயில் டயரு ஒண்ணு, நெழல் டயரு ஒண்ணுங்களா? ரொம்ப சந்தோசமுங்க” என்றார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. நான் அளந்து எண்ணை எழுதி வைப்பேன். மேஸ்திரி வருவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு டேப்பைச் சுற்றுவார். “நூத்தி இருபத்தெட்டே கால்” என்பார். என் எண்ணைப் பார்ப்பார். அதுவும் நூற்று இருபத்தெட்டே கால்தான் இருக்கும். தோள் துண்டால் அதை அழித்துவிட்டு, நூற்று இருபத்தெட்டே கால் என்று தன் கையால் எழுதுவார். ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை, பதினைந்து வருடம் இப்படியே நடந்தது. அதற்குள் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் என் கையெழுத்தோடு ஒரு டயர்கூட ரோட்டுக்குப் போனதில்லை. வாயைத் திறந்து கேட்கவும் முடியவில்லை. கேட்டால் ‘அம்மணி’ வந்துவிடுமே என்ற பயம். என் நம்பர் அழியாமல் ஒரு வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே ஆசை. மற்ற பெண்கள் நகை கேட்டார்கள், நான் இதைக் கேட்டேன், என் புத்தி அப்படி.

அப்போதுதான் சின்னராசு ஜீப்போடு வந்தான். பைல் நாட்டில் எனக்குத் தம்பி முறை. செம்மேட்டுச் சந்தைக்கு ஆளும் மிளகு மூட்டையும் ஏற்றுகிற பழைய ஜீப். சாமை அறுத்து முடித்ததும், எங்கள் ஊர்க் காட்டில் ஜீப் டிரைவர்களெல்லாம் சேர்ந்து பந்தயம் விடுவார்கள். வட்டமாக உழுது, தண்ணீர் விட்டுச் சேறாக்கிய பாதை. அதில் ஐந்து சுற்று. சின்னராசு இரண்டு வருடமாகக் கடைசி. ஜீப் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மண்ணில் பிடிப்பில்லாமல் சும்மா சுழன்றுகொண்டே இருக்குமாம், வண்டி நகராதாம்.

மேஸ்திரி சிரித்தார். “இது ஒரு வேலையாடா?” என்று சொல்லி, பின் அச்சின் நடுவிலிருந்த பல்சக்கரங்களை வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டார். இனிமேல் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும், ஒன்று சும்மா சுழல வழியில்லை. பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தோம். பிடிப்பென்றால் அப்படி ஒரு பிடிப்பு. ஒரே ஒரு குறை, வண்டி திரும்ப மாட்டேன் என்றது. சின்னராசு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும், ஜீப் நேராகப் போய்ப் பழைய டயர் குவியலில் ஏறி நின்றது. குவியல் சரிந்து ஒரு டயர் உருண்டு, நாமக்கல் பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடந்தது. கண்டக்டர் இறங்கி எங்கள் எல்லாருடைய குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்.

“சின்னராசு,” என்றார் மேஸ்திரி, “நீங்க கொஞ்சம் கீழ எறங்குறீங்களா?”

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் சின்னராசு தன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். ஏதோ வெளிநாடு. மேல்தகடெல்லாம் வெட்டி எறிந்த அரதப் பழசுக் கார்கள், மண் மைதானத்தில் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றுவது மட்டும்தான், எந்த ஊருக்கும் போகிற மாதிரி தெரியவில்லை. எல்லாக் காரும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். “பட்டை மாத்தத் தெரியாதவன் செஞ்ச வேல. பாரு, ஒரு பக்கம் இறங்கிக் கெடக்குது.”

நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பட்டை தெரியவில்லை, டயர்தான் தெரிந்தது. “ஏனுங்க மேஸ்திரி, பின்னால சோத்தாங்கை டயரு பெருசுங்க. பீச்சாங்கை டயரு சிறுசு.”

“கேமராவுல அப்படித் தெரியும்.”

“எல்லாக் காரிலயும் அப்படியேங்களா தெரியும்?”

நான் டீ குடித்த பேப்பர் கப்பைத் தரையில் படுக்கப் போட்டு உருட்டினேன். வாய்ப் பக்கம் பெரிது, அடிப் பக்கம் சிறிது. கப் நேராகப் போகவில்லை. அழகாக வட்டமடித்துக்கொண்டு என் கால்கிட்டேயே திரும்பி வந்தது. மேஸ்திரி குந்தினார். தன் கப்பில் இருந்த டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு அவரும் உருட்டினார். வட்டம். சின்னராசும் உருட்டினான். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் பூட்டிச் சேர்ந்து சுற்றும்போது, ஒன்று பெரிதாக இருந்தால் வண்டி தானாகவே சின்னதன் பக்கம் திரும்பும். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மண்டையில் உறைத்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். காக்கிச் சட்டை போட்ட அறுபது வயது மேஸ்திரி, தரையில் தவழ்ந்துகொண்டு பேப்பர் கப் உருட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு மேஸ்திரி என்னிடம் சொன்னார்: “ஏம்புள்ள, இத்தன வருசம் ரெண்டு டயரையும் ஒண்ணா அளந்த. இப்ப ரெண்டையும் வேற வேறயா அளக்கோணும். எனக்கு அது கை வராது. பட்டையை நான் பாத்துக்கறேன், டயரு உன் பாடு. டேப்ப நான் எடுக்க மாட்டேன். வண்டி ஒழுங்காச் சுத்துச்சுன்னா அதுக்கப்புறம் உன் நம்பர நான் அழிக்கறதில்ல.”

“சுத்தலீன்னாங்க?”

“வெளக்கமாறு அதே மூலையிலதான் இருக்குது.”

நான் மூலையைப் பார்த்தேன். இருந்தது.

எவ்வளவு வித்தியாசம் வைப்பது என்பதற்கு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். காட்டின் வட்டத்தைச் சின்னராசு காலடியால் அளந்து வந்து சொன்னான். பட்டறை மண்ணில் சுண்ணாம்பால் அதே வட்டம் போட முடியாது, இடம் பத்தாது. ஆகவே பேப்பர் கப்புகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, எந்தச் சரிவுக்கு எந்த வட்டம் வருகிறது என்று உருட்டிப் பார்த்தேன். டீக்கடைக்காரர், பட்டறையில் ஏதோ விசேஷம் என்று நினைத்து எனக்குக் கப் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் சுற்றளவில் அரைச் சாண் என்று முடிவுக்கு வந்தேன். சோத்தாங்கைப் பக்கத்துக்குப் பெரிய டயராக எடுத்துக் கனத்த ரப்பர் ஒட்டினேன், தொண்ணூற்றிரண்டரை அங்குலம். பீச்சாங்கைப் பக்கத்துக்கு மெல்லிய ரப்பர், எண்பத்தெட்டு. சேற்றை வாரித் தள்ளுவதற்கு டிராக்டர் டயர் மாதிரி அம்புக்குறிப் பட்டன் வைத்தேன். அந்த அம்பு எப்போதும் முன்னால் பார்த்து ஓட வேண்டும்.

மேஸ்திரி வெளிப்பக்கம் ஒரு பட்டையைக் கூட்டினார், உள்பக்கம் ஒரு பட்டையைக் கழற்றினார். ஜீப் ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்ட ஆள் மாதிரி நின்றது. பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஸ்திரி அவர்களையெல்லாம் ‘வாங்க, போங்க’ என்று பேசியதால் கூட்டம் சீக்கிரம் கலைந்தது.

அந்த வண்டியை எழுபது கொண்டை ஊசி வளைவில் ஓட்டிப்போக யாருக்கும் தைரியமில்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றுவதற்காகக் காலியாக மேலே போகிற லாரியில் ஜீப்பை ஏற்றிக் கட்டினோம். பந்தயத்தன்று காலையில் நானும் மேஸ்திரியும் முன்னால் உட்கார்ந்து போனோம். அவர் அன்றைக்கு அபூர்வமான சந்தோஷத்தில் இருந்தார். வளைவுக்கு வளைவு ‘ஏம்புள்ள, ஏம்புள்ள’ என்றே பேசிக்கொண்டு வந்தார்.

காட்டில் போய் இறங்கினோம். எட்டு ஜீப் நின்றது. ஊரே கூடியிருந்தது. சேற்று வட்டத்தைப் பார்த்தேன். வட்டத்தின் நடுவில் மஞ்சள் பூசி, பூப்போட்டு நின்ற கல்லைப் பார்த்தேன்.

அது எங்கள் ஊர்ச் சாமிக் கல். சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலும் சுற்றியிருக்கிறேன், பரீட்சை வந்தாலும் சுற்றியிருக்கிறேன். எத்தனை ஆயிரம் சுற்றோ. அத்தனையும் வலம். சாமி எப்போதும் சோத்தாங்கைப் பக்கம் இருக்க வேண்டும். நாங்களோ வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, இடப்பக்கமாகச் சுற்றுவதற்கு வண்டி செய்து கொண்டுவந்திருந்தோம்.

“சின்னராசு,” என்றேன் மெதுவாக, “எந்தப் பக்கமாடா சுத்தோணும்?”

“வலந்தானக்கா. வேறெப்படி?”

“அட பாவி! இத ஏண்டா முன்னாலயே சொல்லல?”

“நீங்க பொறந்த ஊரு, உங்களுக்குத் தெரியாதாக்கா? பந்தயந்தான, சாமியா கும்பிடப் போறோம்னு நானும் ரோசன பண்ணலீங்க.”

தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு சக்கரத்தையும் அளந்தவள் சாமியை மறந்துவிட்டேன். கீழ்நாட்டு மேஸ்திரிக்குத் தெரியாமல் போனது நியாயம். எனக்கு என்ன கேடு?

ஊர்க்கவுண்டரிடம் ஓடினோம். எண்பது வயதுப் பெரியவர், தலைப்பாகையோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு வண்டி மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றலாமா என்று சின்னராசு கேட்டான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் சாமி, எழவு ஊட்லதான் எடஞ்சுத்துவாங்க. யாரு செத்துட்டாங்க?” என்று கேட்டார். அதற்கு மேல் பேச்சில்லை. மற்ற ஏழு ஜீப்பும் எதிரே வருமே என்று யாரும் யோசிக்கவில்லை, அது வேறு விஷயம்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். “ஏனுங்கம்மணி, தாங்கள் பொறந்த ஊருங்களா இது? ரொம்ப அழகா இருக்குதுங்க.”

‘தாங்கள்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பந்தயத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அவர் தேய்த்த சட்டையோடு அப்படியே மண்ணில் படுத்து ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். பட்டைகளைக் கழற்றிப் பக்கம் மாற்ற வேண்டும். நான் இரண்டு பின்சக்கரத்தையும் கழற்றினேன். இடம் மாற்றி மாட்டினால் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? மாற்றி மாட்டினால் அம்புப் பட்டன் பின்னால் பார்க்கும். சேற்றைத் தள்ளாது, அப்பிக்கொள்ளும். ஆகவே காற்றைப் பிடுங்கி, லீவர் போட்டு நெம்பி, டயரை ரிம்மிலிருந்து உரித்து, புரட்டித் திரும்ப ஏற்ற வேண்டும். இரண்டு டயருக்கும் இதே பாடு. மேலே கம்பிரசர் ஏது? கால் பம்ப்தான். சின்னராசு மிதித்தான். அவன் களைத்ததும் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்கள். “பூவாயி கீழ போயி நல்லாத்தான் இருக்கறா” என்று ஒருத்தி சொல்லிச் சிரித்தாள்.

காற்று ஏறியதும் மறுபடி அளக்க வேண்டும். புரட்டிய டயர், புதிதாக வைத்த காற்று, பழைய எண் எதற்கும் உதவாது. நூலை எடுத்தேன். அப்போது பார்த்தேன், ஒரு டயர் வெயிலில் கிடந்தது, ஒன்று ஜீப் நிழலில். ‘ஜீப்ப ரெடி பண்ணுங்கப்பா’ என்று அங்கே கத்திக்கொண்டிருந்தார்கள். சின்னராசு, “அக்கா, மாட்டுங்கக்கா, நேரமாச்சு” என்று குதித்தான். நான் இரண்டு டயரையும் பலா மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனேன். நிழலில் இரண்டையும் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனால் சூடு ஆறாமல் நூலைத் தொட மாட்டேன் என்று மட்டும் இருந்தேன். சின்னராசு அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

ஜீப்புக்கு அடியிலிருந்து மேஸ்திரியின் தலை மட்டும் வெளியே வந்தது. முகமெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், நிழலில் கிடந்த இரண்டு டயரையும் பார்த்தார். அவர் சட்டைப் பையில் டேப் துருத்திக்கொண்டிருந்தது. தலை உள்ளே போய்விட்டது.

அளந்தேன். லாரியில் கொண்டுவந்திருந்த பலகைமேல் நூலை நீட்டிப் பார்த்தால், பெரியதில் ஒரு நூல் அளவு கூடுதலாக இருந்தது, காற்றைக் கொஞ்சம் விட்டேன். தொண்ணூற்றிரண்டரை, எண்பத்தெட்டு. சாக்பீஸால் எழுதி மாட்டினேன். பெரியது இப்போது பீச்சாங்கைப் பக்கம்.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றிலேயே மற்ற ஜீப்புகள் வளைவில் சறுக்கி, உறுமி, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, எங்கள் ஜீப் செக்கு மாடு மாதிரி தன்பாட்டுக்குச் சுற்றியது. இரண்டாம் சுற்றில் மூன்று வண்டியைத் தாண்டினான். மூன்றாம் சுற்றில் இன்னும் இரண்டு. நாலாம் சுற்றில் ஒரு கல்லில் ஏறி இறங்கியபோது முன்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற ராடு கழன்று சேற்றில் விழுந்தது. அதை நான் பார்த்தேன், மேஸ்திரி பார்த்தார். ஊரில் வேறு யாரும் பார்க்கவில்லை.

சின்னராசு ஸ்டியரிங்கைத் திருப்பினான். அது காற்றாடி மாதிரி சும்மா சுற்றியது. பயத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தலைக்கு மேலே தூக்கி, “சாமீ!” என்று அலறினான். கால் மட்டும் ஆக்சிலேட்டரில் விறைத்துப்போய் அழுத்திக்கொண்டே இருந்தது.

ஜீப் எங்கும் போகவில்லை. கல்லைச் சுற்றி, போட்ட வட்டம் மாறாமல், வலம் வந்தது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஓட்டுகிறவன் கும்பிட்ட கையை இறக்காமல் சாமியைச் சுற்றுகிறான். ஒரு பெண் குலவை போட்டாள். பிறகு ஊரே குலவை. ஊர்க்கவுண்டர் கட்டிலிலிருந்து எழுந்து நின்று தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். நாலாம் சுற்று முடிந்து ஐந்தாம் சுற்றும் முடிந்தது. ஐந்து சுற்றுதான் பந்தயம் என்று சின்னராசுவின் காலுக்கு யார் சொல்வது? ஏழாவது சுற்றில் டீசல் தீர்ந்து தானாக நின்றது. முதலில் வந்தது வேறு ஒரு ஜீப், நாங்கள் இரண்டாவதுதான். ஆனால் அந்த டிரைவரைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பாவம், கோப்பையை அவனே எடுத்துக்கொண்டு போனான்.

ஊர்க்கவுண்டர் மாலையோடு வந்தார். சின்னராசு இறங்கினான். “சாமி சத்தியமா நான் ஓட்டலீங்க” என்றான்.

“கேட்டுக்கங்க!” என்றார் கவுண்டர் கூட்டத்தைப் பார்த்து. “அவன் ஓட்டலயாம். சாமிதான் ஓட்டியிருக்குது.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வாரம் கப் வெட்டியவள் நான். பம்ப் மிதித்தவள் நான். வெயிலும் நிழலும் பார்த்து நூல் பிடித்தவள் நான். பெயர் சாமிக்குப் போய்விட்டது. சாமியோடு சண்டைக்கா போக முடியும்?

மேஸ்திரி கூட்டத்தோடு போகவில்லை. நேராக ஜீப்பின் பீச்சாங்கைப் பின்சக்கரத்துக்கிட்ட போய்க் குந்தினார். டயர் முழுக்கச் சேறு. தோளிலிருந்து துண்டை எடுத்தார். அந்தத் துண்டை எனக்குத் தெரியாதா? பதினைந்து வருடம் என் எண்களை அழித்த துண்டு. சொன்ன வாக்கை மறந்துவிட்டாரே மனுஷன் என்று அழுகையே முட்டிவிட்டது.

அவர் சேற்றை மெதுவாகத் துடைத்தார். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தார். உள்ளே என் சாக்பீஸ் எழுத்து வந்தது. ஒன்பது மட்டும் இருந்தது. மிச்சத்தைச் சேறு தின்றுவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் கையை விட்டார். வந்தது டேப் இல்லை, சாக்பீஸ்.

அதை என்னிடம் நீட்டினார். “ஏம்புள்ள, உன் நம்பரு பாதி அழிஞ்சிருக்குது பாரு. நீயே எழுது.”

எழுதினேன். ஈர ரப்பரில் அரை கொஞ்சம் கோணலாக விழுந்தது. துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் என் எண் ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. போகும்போது டேப்பை என் நூல் டப்பாவில் போட்டுவிட்டுப் போனார். அந்த டேப்பைத்தான் போன மாதம் பையிலிருந்து எடுத்தேன்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் மகேஸ்வரிக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கே புரிந்தது. நேற்றுக் காலையில் பட்டறைக்குப் போனேன். திறப்பு நாளில் அளந்த அந்த முதல் டயர், மாலையோடு காட்சிக்கு நின்றது. அதில் என் கையெழுத்து இருந்தது. முந்தானையால் அதை அழித்தேன். பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிழவிக்கு மறுபடி பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சாக்பீஸை மகேஸ்வரியிடம் நீட்டினேன்.

“நீயே எழுது கண்ணு” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கி எழுதினாள். அவள் போட்ட ஏழு, ஒன்று மாதிரி இருந்தது. திருத்தச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. டேப் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.